உதவி: நகர வரைபடத்தில் தொகுதிகளின் அளவு ஒத்துவரவில்லை

தெருவரைவோன்
வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், அவசரம். ஒரு நகரம் வளர்ந்த கதையை அடுக்கடுக்காகக் காட்டும் வெக்டர் வரைபடம் தயாரிக்கிறேன். ஒரு கட்டடத் தொகுதியின் பக்கம் 113 மீட்டர் என்றுதான் படித்த எல்லா இடத்திலும் இருக்கிறது. என் வரைபடத்தில் 177 வருகிறது. 1859ஆம் ஆண்டுத் திட்டத்தை மேலே வைத்தால் ஓரிடத்திலும் பொருந்தவில்லை. இரண்டு நாட்களாக இழுத்தும் சுருக்கியும் பார்த்துவிட்டேன். தெருப் பெயர்கள் வேறு எழுத்துகளாக இல்லாமல் வெறும் வடிவங்களாக வந்து நிற்கின்றன, திருத்த முடியவில்லை. என்ன செய்வது?

அகலாங்கு
எந்த நகரம்? எந்த மென்பொருள்? தெருக்களை எங்கிருந்து எடுத்தீர்கள்? 177ஐ எதில், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தீர்கள்?

பழந்தாள்
பழைய வரைபடம் என்றாலே தாளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஈரத்தில் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். மடித்த இடங்களில் கோடு விலகும். நீளத்திலும் அகலத்திலும் ஒரே அளவாகச் சுருங்குவதும் இல்லை. நான்கைந்து பழைய தெருமுனைகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக வைத்து, படத்தை வளைத்துப் பொருத்துங்கள்.

நூறுகோடு
மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடும் பழக்கம் வேண்டும். வெக்டர் படம் வரையும் மென்பொருள்களில் இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கொள்கிறது, இல்லஸ்ட்ரேட்டர் 72 என்று கொள்கிறது. 96ஐ 72ஆல் வகுத்தால் 1.333. உங்கள் கோப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது பெருத்துவிட்டது. 75 சதவீதமாகச் சுருக்குங்கள், முடிந்தது.

அகலாங்கு
113ஐ 1.333ஆல் பெருக்கினால் 151தான் வருகிறது. அவர் சொல்வது 177. பழந்தாள் சொல்வதும் இங்கே பொருந்தாது. தாள் சில மில்லிமீட்டர் சுருங்கலாம், தொகுதி ஒன்றரை மடங்கு ஆகாது. மேலும், பெருத்திருப்பது இன்றைய தெருக்கள், பழைய படம் அல்ல.

தெருவரைவோன்
மன்னிக்கவும், 1859 என்றதும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பார்சிலோனா. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தின் தெருக்கோடுகளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, 1:10,000 அளவில் எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாக எடுத்து, இங்க்ஸ்கேப்பில் அளந்தேன். 17.7 மில்லிமீட்டர், அதாவது தரையில் 177 மீட்டர். இல்லஸ்ட்ரேட்டர் என்னிடம் இல்லை.

அகலாங்கு
இப்போது விளங்குகிறது. உங்களிடம் ஒரு பிழை இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு.

முதலாவது: 113.3 மீட்டர் என்பது 1859 திட்டத்தை வரைந்த பொறியாளர் செர்தா வகுத்த தொகுதியின் பக்கம் மட்டும். நீங்கள் அளப்பது தெருவின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த தெருவின் நடுக்கோடு வரை. பெரும்பாலான தெருக்களின் அகலம் 20 மீட்டர். ஆக, 133.3 வரவேண்டும்.

இரண்டாவது: கியூஜிஐஎஸ்ஸில் பின்னணிப் படத்தை முதலில் ஏற்றினீர்களா? அப்படியானால் உங்கள் கியூஜிஐஎஸ் கோப்பு, இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டரில் நிற்கும். அந்தப் புரொஜெக்ஷனில், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையில், பூமத்திய ரேகையை விட்டு விலக விலக நீளங்கள் பெருத்துக்கொண்டே போகும், 60 டிகிரியில் இரு மடங்கு. பார்சிலோனா 41.4 டிகிரியில் இருக்கிறது, அங்கே 1.333 மடங்கு. 133.3ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள்: 177.7.

கியூஜிஐஎஸ் கோப்பின் புரொஜெக்ஷனை இபிஎஸ்ஜி 25831 என்ற எண்ணுள்ள முறைக்கு, அதாவது யூடிஎம் 31 வடக்கு மண்டலத்துக்கு, மாற்றிவிட்டு மறுபடி எடுங்கள். எழுத்துகளுக்கு, எஸ்விஜி ஏற்றுமதிப் பெட்டியில் உரையை உரையாகவே எடுக்கும் தேர்வு இருக்கிறது.

நூறுகோடு
அந்த 1.333 என் கணக்கிலும் வருகிறதே! 20 மீட்டரைச் சேர்த்துக்கொண்டால் நான் சொன்னதும் சரிதான். இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டியதில்லை.

அகலாங்கு
இரண்டு காரணங்களும் ஒரே எண்ணைத் தருவது இந்த அட்சரேகையில் நேர்ந்த தற்செயல். பிரித்தறிவது எளிது. கியூஜிஐஎஸ்ஸில் அச்சுப் பக்கத்தை அமைக்கும் பிரிண்ட் லேஅவுட்டில் வரைபடத்தின் அருகே 100 மில்லிமீட்டர் பக்கமுள்ள பெட்டி ஒன்று வரைந்து, சேர்த்து ஏற்றுமதி செய்யுங்கள். இங்க்ஸ்கேப்பில் பெட்டி 133 ஆனால் நூறுகோடு சொல்வது சரி. 100ஆகவே இருந்தால் புரொஜெக்ஷன்தான் காரணம். இது தெரியாமல் 75 சதவீதம் சுருக்கினால், அளவுகோலும் சட்டகமும் சேர்ந்து சுருங்கிவிடும்.

கடலோரம்
அளவு சரியானாலும் ஒன்று உறுத்துகிறது. 1859 திட்டத்தை "வளர்ச்சி வரலாறு" என்ற அடுக்காக வைக்காதீர்கள். அது ஒருவரின் கனவு. 1854இல் கோட்டைச் சுவர்களை இடிக்கத் தொடங்கினார்கள். 1859இல் நகராட்சி நடத்திய போட்டியில் வென்றவர் ரொவிரா இ த்ரியாஸ். மத்திய அரசு செர்தாவின் திட்டத்தைத் திணித்தது. அதிலும் தொகுதியின் இரு பக்கங்களில் மட்டும் கட்டடம், மற்ற இடம் தோட்டம். கட்டியவர்கள் நான்கு பக்கங்களையும் அடைத்தார்கள், உட்புறத்தையும் நிரப்பினார்கள். திட்டத்தில் இருந்த தியகோனல் சாலை கடலைத் தொட 1999 ஆயிற்று. வரலாறு வேண்டுமானால் எந்தத் தொகுதி எந்த ஆண்டில் எழுந்தது என்று வண்ணமிடுங்கள்.

பழந்தாள்
ஒப்பமாட்டேன். நடக்காத திட்டமும் நகர வரலாறுதான். தோட்டங்களைப் பச்சையில் காட்டாவிட்டால், எதை இழந்தார்கள் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

கடலோரம்
காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தனி அடுக்கில், "திட்டமிட்டது" என்ற பெயரோடு. கிராசியா 1897 வரை தனி ஊர், அதன் தெருக்கள் செர்தாவின் கட்டத்துக்குள் வராதவை. ஒரே நிறத்தில் பூசினால் அந்த ஊரே இல்லாமல் போய்விடும்.

அகலாங்கு
தெருவரைவோன், இன்னொன்று. செர்தாவின் கட்டம் திசைகளுக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்வானது. அந்த நகரத்தின் வரைபடங்களில் கடல் கீழே இருப்பதே வழக்கம். உங்கள் படத்தில் வடக்கு மேலே இருந்தால், அளவு சரியான பிறகும் பழைய திட்டம் பொருந்தாது. லேஅவுட்டிலேயே வரைபடத்தைச் சுழற்றிக்கொள்ளுங்கள்.

தெருவரைவோன்
பெட்டி 100தான். 25831க்கு மாற்றினேன், 13.3 வருகிறது. சுழற்றியதும் திட்டம் மேலே உட்கார்ந்துவிட்டது. எழுத்துகளும் சரி. மிக்க நன்றி, அச்சுக்கு அனுப்ப ஓடுகிறேன்.

கடலோரம்
மகிழ்ச்சி. 1859 அடுக்குக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?