ஹைடிங்க் நடத்திய ஏழாவது சிம்பொனி: நேரில் கேட்ட அனுபவம்

மேடையில் நின்று கோலசைத்து மேற்கத்திய இசைக்குழுக்களை வழிநடத்தும் நடத்துநர்களில், நேரில் பார்த்தவர்களைப் பற்றி இங்கே ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். டச்சு நடத்துநர் பெர்னார்ட் ஹைடிங்கின் பெயர் இன்னும் வரவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

2019 செப்டம்பர் 3, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். ப்ராம்ஸ் (Proms) என்ற கோடைகால இசை விழாவின்போது அங்கே மேடைக்கு முன்னால் உள்ள தரைத்தளத்தில் நாற்காலி இருக்காது. அந்த வருஷம் 6 பவுண்ட் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே கேட்க முடிந்தது. மதியமே வரிசையில் போய் நின்றதால் மேடையை ஒட்டி, ஓரமாக இடம் கிடைத்தது. நடுவில் நிற்பவர்களுக்கு நடத்துநரின் முதுகுதான் தெரியும். ஓரத்தில் நின்றால் முகமும் கையும் தெரியும். அன்றைக்கு அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. முதலில் பீத்தோவனின் நான்காவது பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), பியானோ வாசித்தவர் இமானுவேல் ஆக்ஸ். அருமையாகத்தான் வாசித்தார். ஆனால் நான் காத்திருந்தது இடைவேளைக்குப் பிறகு வரப்போகும், ஆஸ்திரிய இசையமைப்பாளர் புரூக்னரின் ஏழாவது சிம்பொனிக்கு.

ஹைடிங்குக்கு அப்போது 90 வயது. கைத்தடியை ஊன்றி மெதுவாக நடந்து வந்தார். சிம்பொனியின் முதல் பகுதியில் வயலின்கள் காதில் விழுமோ விழாதோ என்கிற மாதிரி நடுங்கத் தொடங்க, அதன் அடியிலிருந்து செல்லோக்கள் அந்த நீண்ட மெட்டை மேலே எடுத்துச் செல்லும். அந்த இடத்தில் கையை அகல விரித்து இசையை வாரி எடுப்பது போலக் காட்டும் நடத்துநர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் செல்லோக்கள் பக்கம் தலையைத் திருப்பினார், அவ்வளவுதான். வலது கையில் கோல் சின்னதாக அசைந்துகொண்டிருந்தது. அவர்கள் வாசிப்பதை அவரும் நம்மைப் போலவே கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குப் பட்டது.

சிம்பொனியின் இரண்டாம் பகுதி இன்னும் கனமானது. தான் போற்றிய இசையமைப்பாளர் வாக்னருக்கு இனி அதிக நாள் இல்லை என்ற எண்ணத்தோடு புரூக்னர் எழுதத் தொடங்கியது அது. 1883 பிப்ரவரியில் சாவுச் செய்தி வந்த பிறகு அதன் முடிவை ஓர் இரங்கலாகவே எழுதினார். வாக்னர் டூபா என்ற ஆழ்ந்த ஒலியுள்ள ஊதுகருவிகள் நான்கு சேர்ந்து ஒலிக்கும்போது உடம்புக்குள் ஏதோ இறங்குகிறது. உச்சத்துக்கு ஏறும் அந்த நீண்ட படிக்கட்டில் ஹைடிங்க் எங்கேயும் அவசரப்படவில்லை. அதுவரை நெஞ்சுக்குக் கீழேயே இருந்த இடது கை, உச்சத்துக்கு வந்தபோதுதான் மேலே போனது. மொத்தக் குழுவும் அதற்காகவே காத்திருந்தது போல வெடித்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் நிலைமையும் அதுதான்.

இவ்வளவு அடக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? அவர் வயலின்காரராகத் தொடங்கியவர் என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1929-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, நெதர்லாந்து வானொலி இசைக்குழுவின் வயலின் வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர். 1956-இல் இத்தாலிய நடத்துநர் ஜூலினிக்கு உடம்பு சரியில்லாமல் போக, செருபினியின் ரெக்வியத்தை (இறந்தவர்களுக்கான இரங்கல் இசை) நடத்தச் சொல்லி ஆம்ஸ்டர்டாமின் கான்சர்ட்கெபாவ் இசைக்குழு இவரைக் கூப்பிட்டது. தான் இன்னும் தயாராகவில்லை என்று முதலில் மறுத்தவரை வற்புறுத்தித்தான் மேடையேற்றினார்கள். 1961-இல் ஜெர்மன் நடத்துநர் ஆய்கன் யோஹூமோடு சேர்ந்து அதே குழுவின் தலைமை நடத்துநர். 1988 வரை அங்கேதான். இன்னொன்றும் உண்டு. நாஜி ஆக்கிரமிப்பில் யூத இசைக்கலைஞர்கள் அத்தனை பேர் கொல்லப்படாமல் இருந்திருந்தால் தனக்கு இந்த இடம் கிடைத்திருக்காது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த நினைப்போடு மேடை ஏறுகிற மனிதர் அங்கே எப்படி நிற்பாரோ, அப்படித்தான் அவர் நின்றார்.

அமைதியான ஆள் என்பதால் சண்டை போடத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1980-களின் தொடக்கத்தில் டச்சு அரசு கான்சர்ட்கெபாவ் குழுவின் மானியத்தைக் குறைக்கப் பார்த்தது, 23 கலைஞர்களின் வேலை போகும் நிலை. அப்படி நடந்தால் இந்தக் குழுவை இனி நடத்த மாட்டேன் என்று நேராகச் சொன்னார். 1998-இல், அவர் இசை இயக்குநராக இருந்த லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் சிக்கல் வந்தபோதும், அந்த இசைக்குழுவுக்காகப் பதவி விலகுகிறேன் என்று அறிவித்தார். பிரச்சினை தீர்ந்ததும் திரும்பி வந்து 2002 வரை இருந்தார். ஒலிப்பதிவுகளைவிட இதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை அதிகம்.

அப்புறம் ஆம்ஸ்டர்டாம் போனபோது கான்சர்ட்கெபாவ் அரங்கைப் பார்த்தேன். அங்கே நடத்துநர் பக்கவாட்டிலிருந்து வருவதில்லை. மேடைக்குப் பின்னால் உயரத்தில் ஒரு கதவு, அங்கிருந்து சிவப்புக் கம்பளம் விரித்த நீளமான படிகள். கலைஞர்களுக்கு நடுவே, மொத்தக் கூட்டமும் பார்க்க இறங்கி வர வேண்டும். கூச்ச சுபாவம் உள்ள ஒருவர் இத்தனை வருஷம் இந்தப் படிகளில் எப்படி இறங்கினாரோ என்று நினைத்துக்கொண்டேன். 2019 ஜூனில் நெதர்லாந்திடம் விடைபெற்றதும் இதே அரங்கில்தான், தான் வயலின் வாசித்த அதே வானொலிக் குழுவோடு. அன்றும் புரூக்னர் ஏழுதான். நான் லண்டனில் கேட்ட மூன்றாம் நாள், செப்டம்பர் 6, சுவிட்சர்லாந்தின் லூசர்னில் வியன்னா குழுவோடு அதே நிகழ்ச்சியை நடத்திவிட்டுக் கோலைக் கீழே வைத்தார். 2021 அக்டோபரில் லண்டனில் காலமானார்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு: கான்சர்ட்கெபாவோடு அவர் 1978-இல் பதிவு செய்த ஏழாவதில் தொடங்குங்கள். சரி, லூசர்னில் இளம் நடத்துநர்களுக்கு அவர் எடுத்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? ஒத்திகையில் அவர் எப்படிப் பேசுவார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை. இருந்தால் விரிவாக எழுதுங்கள்.