தைரொயிட் குறைவால் மாதவிடாய் அதிகமாகுமா? மாத்திரை தொடங்கினால் எப்போது சீராகும்?

களுவாஞ்சிக்குடி வாசகி:
வணக்கம். எனக்கு வயது 31. சில மாதங்களாக மாதவிடாய் முறைதவறி வருகிறது. வந்தால் ஒன்பது நாட்கள்வரை, கட்டி கட்டியாகப் படுகிறது. பெண்நோயியல் கிளினிக்கில் ஹீமோகுளோபின் 9 என்று கண்டு இரும்பு மாத்திரை தந்தார்கள். பின்னர் செய்த இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன், தைரொயிட் குறைந்தால் இது உயரும்) அளவு 19 என்று வந்ததால், வேறொரு கிளினிக்கில் தைரொக்சின் என்ற தைரொயிட் ஹோர்மோன் மாத்திரை 50 மைக்ரோகிராம் எழுதியிருக்கிறார்கள். கழுத்திலுள்ள ஒரு சுரப்பி மாதவிடாயை எப்படிக் குழப்புகிறது? எப்போது சீராகும்? இரண்டு மாத்திரைகளையும் காலையில் எடுக்கும்படி சொல்லியிருப்பதால், ஒன்றாகவே விழுங்கலாமா? உடற்சூடுதான் காரணம் என்று வீட்டில் உறுதியாகச் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு:
தங்கச்சி, கடைசிக் கேள்விக்கே முதலில் விடை சொல்கிறேன். நாளை காலையிலேயே அது உங்களுக்குத் தேவைப்படும். இரண்டையும் ஒன்றாக விழுங்க வேண்டாம். இரும்பு, குடலில் தைரொக்சினுடன் சேர்ந்துகொண்டு அதை உடலில் சேரவிடாமல் தடுத்துவிடும். கல்சியம் மாத்திரையும் அப்படித்தான். தைரொக்சினை எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரையும் காலை உணவையும் தொடுங்கள். இரும்பு மாத்திரைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். அதையும் தேநீருடன் எடுக்கக் கூடாது. இரண்டு கிளினிக்குகள் இரண்டு துண்டுகளில் எழுதும்போது இந்த இடைவெளியைச் சொல்வது எவர் பொறுப்பு என்றே இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே, இரண்டு கிளினிக் கொப்பிகளையும் எப்போதும் சேர்த்தே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனிக் காரணம். தைரொயிட் ஹோர்மோன் குறையும்போது, அதைத் தூண்டுவதற்காக மூளை அனுப்பும் சமிக்ஞை, பால்சுரப்புக்குரிய புரோலாக்டினையும் சேர்த்தே உயர்த்திவிடுவதுண்டு. அது உயர்ந்தால் சூலகங்களுக்குப் போகவேண்டிய கட்டளை மந்தமாகி, முட்டை வெளியாவது தடைப்படும். முட்டை வெளியாகாத மாதத்தில், கருப்பையின் உட்சவ்வைக் கட்டுப்பாட்டில் வைக்கும் புரொஜெஸ்ரரோன் என்ற ஹோர்மோன் சுரக்காது. எனவே ஈஸ்ரஜன் என்ற ஹோர்மோனின் தூண்டுதலில் தடித்துக்கொண்டே போகும் அந்த உட்சவ்வு, ஒரு கட்டத்தில் ஒழுங்கின்றிப் பெருமளவில் உதிர்கிறது. குறைபாடு கடுமையாக இருந்தால் இரத்தம் உறைவதற்கான காரணிகளும் குறையக்கூடும். இதில் கவலைக்குரிய இன்னொன்றும் உண்டு: படுகின்ற இரத்தத்தோடு இரும்பும் போய்விடுகிறது, இரும்பு குறைந்தால் தைரொயிட் தன் ஹோர்மோனைச் செய்யவே சிரமப்படுகிறது. வீட்டார் சொல்லும் சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தைரொயிட் குறைந்தவர்களுக்குக் குளிர்தான் அதிகம் தெரியும்.

அக்கரைப்பற்று சகோதரி:
அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு இருந்தது இதற்கு நேரெதிரான நோய், அதாவது தைரொயிட் மிகைச் சுரப்பு. மாதவிடாய் குறைந்து குறைந்து, சில மாதங்கள் வராமலேயே போனது. நெஞ்சுப் படபடப்பும் மெலிவும் இருந்தபோதும், கர்ப்பமா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். மிகைச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை எடுத்த பின்னர் ஒழுங்குக்கு வந்தது. அந்த மாத்திரை எடுப்பவர்களுக்குக் காய்ச்சலோடு தொண்டை நோவும் வந்தால், மாத்திரையை நிறுத்தி உடனே இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்பதையும், குழந்தைக்கு முயல்வதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லவேண்டும் என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன். தைரொக்சின் எடுக்கும் என் மச்சி, நோன்பு காலத்தில் வைத்தியரிடம் கேட்டு, இரவு உணவுக்கு 3 மணி நேரத்தின் பின் படுக்கும் வேளைக்கு மாற்றிக்கொள்கிறார்.

களுவாஞ்சிக்குடி வாசகி:
இருவருக்கும் நன்றி. அக்கா, எப்போது சீராகும் என்பதைச் சொல்லவில்லையே? மரவள்ளிக் கிழங்கு தைரொயிட்டுக்குக் கூடாது, அதை நிறுத்தும்படியும் ஒருவர் சொன்னார்.

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு:
தைரொக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாட்கள் எடுக்கும் என்பதால், அளவு நிலைபெறச் சில வாரங்கள் தேவை, ஆகையால்தான் டி.எஸ்.எச். பரிசோதனையை 6 முதல் 8 வாரங்களுக்குப் பிறகு மீண்டும் செய்கிறார்கள். 50 மைக்ரோகிராம் தொடக்க அளவாகவே இருக்கலாம், கூட்டப்பட்டால் பயப்பட வேண்டாம். டி.எஸ்.எச். சரியான உடனேயே மாதவிடாய் சரியாகிவிடாது, பெரும்பாலும் மேலும் சில மாதங்கள் பிந்தும். அதற்குப் பிறகும் இப்படியே பட்டால், தைரொயிட்டின் மேல் எல்லாவற்றையும் போட்டுவிடாமல், கருப்பையில் நார்க்கட்டியோ வேறு காரணமோ உண்டா என்று ஸ்கான் செய்து பார்க்கவேண்டும்.

மரவள்ளியை விட வேண்டியதில்லை. அயடீன் சேர்த்த உப்பைப் பாவிக்கும் வீட்டில், நன்றாக அவித்த கிழங்கை இடைக்கிடை உண்பதால் கெடுதல் இல்லை. தைரொயிட் குறைவுக்கென்று நீங்களாக அயடீன் மாத்திரை வாங்கிப் போடுவதுதான் கெடுதல். கர்ப்பம் தங்கியது தெரிந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியரைக் காணுங்கள், தைரொக்சின் அளவை அப்போது பெரும்பாலும் கூட்டவேண்டி வரும். மணிக்கொரு துணி நனையும் அளவுக்குப் பட்டாலோ, எழும்போது தலை சுற்றி மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.