பாடகர் குழுவுக்கு இசைத்தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது முறையா?

கேள்வி (காட்பாடி): எங்கள் திருச்சபைப் பாடகர் குழு, கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக, இன்றும் வாழும் ஓர் இசையமைப்பாளர் நான்கு குரல்களுக்கு எழுதிய பாடலைப் பயின்று வருகிறது. விலைக்கு வாங்கிய பிரதி ஒன்றே உள்ளது. அதை அனைவருக்கும் ஜெராக்ஸ் எடுத்துத் தரலாமா?

பதில் (ராணிப்பேட்டை): கூடாது என்பதே என் கருத்து, ஐயா. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், உண்மையான சமயச் சடங்கில் பாடலைப் பாடுவதற்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விலக்கு பாடுவதற்கே உரியது, தாளை நகலெடுப்பதற்கு அன்று. மேலும், விற்கும் ஒவ்வொரு பிரதியிலிருந்தும் சிறு தொகை பெறுகிற ஒருவரின் உழைப்பை, ஆலயத்துக்காக என்ற காரணத்தால் மட்டும் நாம் இலவசமாக எடுத்துக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பதில் (குடியாத்தம்): படைப்பாளி மறைந்து 60 ஆண்டுகள் கடந்த பாடல்களுக்கு இத்தடை இல்லை. 1759இல் மறைந்த ஹேண்டலின் இசையையும், 1864இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எனினும், அவற்றுக்கு அண்மையில் ஒருவர் அமைத்த குரல் பகுப்புக்குத் தனி உரிமை உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்ற இணையதளத்தில் பல பழைய பாடல்களின் இசைத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பதில் (ஆற்காடு): பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, குழுவின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, அத்தனை படிகள் அச்சிட அனுமதியுள்ள பிடிஎஃப் கோப்பின் விலையைக் கேளுங்கள். அனுமதி கிடைத்தபின், கண்பார்வை குறைந்த மூத்தவர்களுக்கு ஏ3 தாளில் பெரிதாக்கித் தருவது நல்லது.