கேட்டட் கம்யூனிட்டியில் எல்லாமே எங்கள் செலவு. சொத்து வரி எதற்கு?

புறநகர்வாசி:
எங்கள் குடியிருப்பு மாநகராட்சி எல்லையோரம், 140 வீடுகள். தண்ணீருக்கு போர்வெல், கோடையில் லாரி. உள்சாலை, விளக்கு, செக்யூரிட்டி எல்லாம் சங்கமே பார்த்துக்கொள்கிறது. அதற்கு மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம். பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி, ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸ். இதற்குமேல் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி வேறு. வாங்குகிற சேவைக்கு மட்டும் கட்டணம், கட்டாதவருக்குச் சேவை கிடையாது என்று வைத்தால் என்ன தப்பு? சங்கக் கூட்டத்தில் பலரும் இதையே கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாய்க்கால்மேடு:
உங்கள் மதிலுக்குள் பெய்யும் மழை எங்கே போகிறது என்று பாருங்கள். மழைநீர் வடிகாலில் பொதுவாக மோட்டார் கிடையாது, சரிவுதான் தண்ணீரை இழுத்துப் போகிறது. உங்கள் உள்வடிகால் தெரு வடிகாலில் திறக்கும். அது பெரிய கால்வாயில் சேரும். கால்வாய் ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும். நடுவே ஓரிடத்தில் ஓரடி வண்டல் தேங்கினாலும் மேல்பக்கம் நீர்மட்டம் ஏறும். தெரு வடிகாலின் மட்டம் உங்கள் வடிகால் வாய்க்கு மேலே போனால் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். அதைத் தடுக்க ஒருவழி வால்வு போடுவார்கள். வால்வு மூடிக்கொண்டால் வெளித்தண்ணீர் வராது, ஆனால் உள்ளே பெய்யும் மழையும் வெளியேறாது. டீசல் பம்ப் வைத்து இறைத்தாலும் அது போய் விழுவது நிரம்பிக் கிடக்கும் அதே தெருவில்தான். பேஸ்மென்டில் கார்கள் மூழ்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆக, ஊர்க் கால்வாயைத் தூர்வாருவது உங்கள் பேஸ்மென்டுக்குச் செய்யும் பராமரிப்பும்கூட. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் செப்டம்பருக்குள் அது முடிந்தாக வேண்டும். எங்கள் வாசல் வரைக்கும் மட்டும் தூர்வாருங்கள், காசு தருகிறோம் என்று கேட்டு வாங்க முடியாது. கடைசிவரை வாரினால்தான் தண்ணீர் ஓடும்.

நிலத்தடி நீரும் அப்படியே. கழிவுநீர் லாரிக்காரர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் ராத்திரியில் ஏரிக்கரையில் திறந்துவிட்டால், உங்கள் போர்வெல் உறிஞ்சும் நிலத்தில்தான் அது இறங்கும். பக்கத்திலேயே சுத்திகரிப்பு நிலையமும், லாரிகளைக் கண்காணிக்க ஆளும் இருந்தால் அது குறையும். இரண்டும் பொதுப்பணத்தில்தான் வர முடியும்.

சுகாதாரப்பிரிவு:
இதோடு கொசுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது. அதனால்தான் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை தொட்டி, டிரம், ஃபிரிட்ஜ் பின்தட்டு, பழைய டயர் என்று பார்க்கிறார்கள். இரண்டு வாரம் விட்டால் ஒரு தலைமுறை பறந்துவிடும். காய்ந்த முட்டையும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரிக்கும். பணம் கட்டிய வீடுகளில் மட்டும் மருந்து ஊற்றினால் கட்டாத வீட்டுத் தொட்டியில் பொரித்த கொசு மதில் தாண்டி வந்து கடிக்கும்.

சுகாதாரத்தைப் பணம் கட்டியவருக்கு மட்டும் பிரித்துக் கொடுக்க முடியாது என்பதை லண்டனில் ஊரே பார்த்தது. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே வந்தபிறகுதான், ஊர் முழுவதற்குமான கழிவுநீர் வலையமைப்புக்குக் கடன் வாங்க அனுமதித்தார்கள். அந்தக் கடன் வீட்டு வரியிலிருந்து அடைக்கப்பட்டது. பொறியாளர் ஜோசஃப் பாசல்ஜெட் கட்டிய அந்த வலையில் 1866-இல் கிழக்கு லண்டனின் பெரும்பகுதி இன்னும் சேரவில்லை. அந்த ஆண்டு காலரா வந்தபோது 5,000-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். இணைப்பு கிடைத்திருந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின.

இன்சூரன்ஸ் பற்றி ஒன்று. நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் முதலில் வருவது 108. உங்கள் பாலிசி அட்டையை யாரும் தேட மாட்டார்கள். தமிழ்நாட்டின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சை எந்த ஊர்க்காரருக்கும் உண்டு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும். விபத்தில் சிக்குபவர் பணக்காரரா ஏழையா என்று முன்கூட்டித் தெரியாது. ஆம்புலன்ஸை எல்லாருக்குமாக நிறுத்தி வைத்தால்தான் யாருக்கும் நேரத்தில் வரும்.

தெற்குவீதி:
“கட்டாதவருக்குச் சேவை கிடையாது” என்பதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் ஊர்த் தீயணைப்புப் படை, ஊர் எல்லைக்கு வெளியே உள்ள வீடுகளுக்கு ஆண்டுக்கு 75 டாலர் சந்தா வைத்திருந்தது. 2010-இல் சந்தா கட்டாத ஒரு வீடு தீப்பிடித்தது. வண்டி வந்தது. ஆனால் அந்த வீட்டை அணைக்கவில்லை. சந்தா கட்டிய பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் மட்டும் காத்தார்கள். எவ்வளவானாலும் இப்போதே தருகிறேன் என்று உரிமையாளர் சொல்லியும் கேட்கவில்லை. வீடு எரிந்து சாம்பலானது.

கொடூரமாகத் தெரியும், ஆனால் சந்தா முறையின் கணக்கு அதுதான். தீப்பிடித்த அன்று பணம் வாங்கிக்கொண்டு அணைத்தால் அடுத்த வருடம் யாரும் முன்கூட்டிக் கட்ட மாட்டார்கள். வண்டிக்கும் ஆட்களுக்கும் 365 நாளும் ஆகும் செலவை எங்கிருந்து எடுப்பது? லண்டனிலும் தீயணைப்பு முன்பு காப்பீட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. 1861 டூலி தெருத் தீயில் அவர்களுக்கு ஏற்பட்ட நட்டத்துக்குப் பிறகு, இனி எங்களால் முடியாது என்று அரசிடமே சொன்னார்கள். 1866 முதல் அது பொதுச்சேவை. பெரும்பங்குச் செலவு சொத்து வரியிலிருந்து. நம் தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறை மாநில அரசுடையது. சோப்பு வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியும் இதற்குப் போகிறது, ஆகவே உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் இதற்குப் பங்கு தருகிறார்.

நகராட்சிக்கணக்கு:
சொத்து வரி உள்ளாட்சியின் வருவாய் நிதியில் சேர்கிறது. அதிலிருந்து முதலில் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணம், தூய்மைப்பணி ஒப்பந்தம் ஆகியவை போகும். இவற்றை நிறுத்த முடியாது. வசூல் குறைந்தால் முதலில் அடிபடுவது பராமரிப்புதான்: தூர்வாருதல், குழாய்க் கசிவு, சாலைக் குழி. வரி கட்டாதவர் தெருவில் மட்டும் வேலை நிற்பதில்லை, எல்லார் தெருவிலும் நிற்கிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. மத்திய வரிப்பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு நகர்ப்புற உள்ளாட்சி மானியத்துக்கு நிபந்தனை வைத்தது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக உயர வேண்டும். உள்ளூரில் வசூல் தேங்கினால் டெல்லியிலிருந்து வரவேண்டியதும் வராமல் போகலாம். 2022-இல் வரி உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் ரசீதில் நூலக வரியையும் பாருங்கள், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948-இல் வந்த நூலகச் சட்டத்தின்படி வசூலாவது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் கிளை நூலகம் அதில்தான் நடக்கிறது. எனக்கு மிகவும் மதிப்பு தோன்றுவது இந்தப் பத்துப் பைசாமேல்தான்.

புறநகர்வாசி:
நன்றி. வடிகால் விளக்கத்தைச் சங்கக் குழுவில் போட்டுவிட்டேன். ஆனால் எங்கள் தெருவில் தூர்வாரி நாளாச்சு. வேலை நடக்கும்வரை வரியை நிறுத்தி வைத்தால் வழிக்கு வர மாட்டார்களா?

நகராட்சிக்கணக்கு:
வர மாட்டார்கள். வரி என்பது இன்ன சேவைக்கு இன்ன விலை என்ற ஒப்பந்தம் இல்லை. நிலுவைக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும், பிறகு ஜப்தி நோட்டீஸ் வரும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. பரப்பளவோ பயன்பாட்டு வகையோ தப்பாகப் பதிந்திருந்தால் நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள், வாய்ச்சொல் செல்லாது.

வேலைக்கு வேறு வழி. 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ மனு போடுங்கள். “ஏன் தூர்வாரவில்லை” என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் பதில் வராது, ஆவணம் கேளுங்கள். இன்ன தெரு முதல் இன்ன கால்வாய் வரையிலான வேலை உத்தரவு நகல், எம்-புக் (செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்) பக்கங்களின் நகல், பட்டுவாடா ஆன பில். எம்-புக்கில் எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம் வாரினார்கள் என்று இருக்கும். வடிகால் மூடியைத் திறந்து, அளவுகோலை இறக்கிப் போட்டோ எடுத்து, இரண்டையும் சேர்த்து ஆணையருக்கும் வார்டு கவுன்சிலருக்கும் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இதை ஜூனிலேயே தொடங்கினால்தான் மழைக்குமுன் வேலை கிடைக்கும்.