மெக்னீசியம் இல்லாத கரைசலில் குட்டித் துடிப்புகள் மட்டுமே. நீண்ட வலிப்பு வரவில்லை

ஸ்லைஸ்_புதியவர்:
உயிரோடு வைத்த எலி மூளைத் துண்டில், கரைசலிலிருந்து மெக்னீசியத்தை நீக்கி வலிப்பைத் தூண்டிப் பதிவுசெய்யப் பார்க்கிறேன். ஹிப்போகேம்பஸ் பகுதி, கரோனல் வெட்டு (மூளைக்குக் குறுக்கே செங்குத்தாக), 300 மைக்ரான் தடிமன். மூழ்கு சேம்பர் (துண்டு கரைசலுக்குள் முழுதும் மூழ்கியிருக்கும்), 30 டிகிரி, நிமிடத்துக்கு 2 மில்லி ஓட்டம். மெக்னீசியத்தை நீக்கியபின் ஹிப்போகேம்பஸின் சிஏ3 பகுதியில் நொடிக்கும் குறைவான துடிப்புகள் வருகின்றன. பத்து நொடிக்கு மேல் நீடிக்கும் வலிப்பு போன்ற நிகழ்வு ஒன்றுகூட இல்லை. வலிப்பைத் தூண்டும் 4-அமினோபிரிடின் மருந்தைச் சேர்க்கலாமா?

மின்முனை:
மருந்தைத் தொடும் முன் வெட்டை மாற்றுங்கள். நீண்ட நிகழ்வுகள் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸை ஒட்டிய என்டோரைனல் கார்டெக்ஸில்தான் கிளம்புகின்றன. உங்கள் கரோனல் துண்டில் இரண்டுக்கும் இடையிலான இணைப்பே மிஞ்சாது. மூளையின் கீழ்ப்பகுதியிலிருந்து கிடைமட்டமாக, 400 மைக்ரானில், என்டோரைனலும் ஹிப்போகேம்பஸும் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். பதிவு மின்முனை ஒன்றை என்டோரைனலின் ஆழ் அடுக்கில் வையுங்கள்.

அடுத்தது ஆக்சிஜன். மூழ்கு சேம்பரில் 2 மில்லி போதவே போதாது, 5-6 மில்லியாவது ஓட வேண்டும். சாதாரண சிலிக்கோன் குழாய் வழியிலேயே ஆக்சிஜனைக் கசியவிடும், அதைக் குட்டையாக வையுங்கள். இன்டர்ஃபேஸ் சேம்பர் (துண்டின் மேற்புறம் வாயுவைத் தொட்டிருக்கும்) இருந்தால் 1.5-2 மில்லி ஓட்டமே போதும். வெப்பநிலை 33-34 டிகிரி.

கார்போஜென்:
கரைசலையும் பாருங்கள். சோடியம் குளோரைடு 124, பொட்டாசியம் குளோரைடு 3.5, சோடியம் பைகார்பனேட் 26, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.25, கால்சியம் குளோரைடு 2, குளுக்கோஸ் 10, எல்லாம் மில்லிமோலாரில். கார்போஜென் வாயு (ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்தது) பத்து நிமிடமாவது குமிழியிட்டபின்தான் கால்சியம் சேர்க்க வேண்டும். முந்தினால் வெள்ளையாகப் படியும், அந்தக் கரைசல் கொட்ட வேண்டியதுதான். மெக்னீசியம் போனதே என்று கால்சியத்தைக் கூட்டாதீர்கள், அது தூண்டலை அடக்கிவிடும். குழாயிலும் திசுவின் உள்ளேயும் தங்கிய மெக்னீசியம் வெளியேற முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். பொறுத்திருந்து பார்க்காமல் 'வரவில்லை' என்று முடிவுகட்டாதீர்கள். அப்போதும் வராவிட்டால் பொட்டாசியத்தை 5-க்கு உயர்த்திப் பாருங்கள்.

ஸ்லைஸ்_புதியவர்:
நன்றி. அப்படியானால் சிஏ3 துடிப்புகள் வலுத்து, அவையே வலிப்பாக மாறும் என்று எதிர்பார்க்கலாமா?

மின்முனை:
இல்லை, பெரும்பாலும் நேர்மாறு. சிஏ3-இலிருந்து வரும் வேகமான குறுந்துடிப்புகள் என்டோரைனலின் நீண்ட நிகழ்வுகளை அடக்கக்கூடியவை. பார்பரோசி, அவோலி இருவரும் 1997-இல் சுண்டெலித் துண்டுகளில் இதைக் காட்டினார்கள்: சிஏ3-இலிருந்து வெளியே செல்லும் ஷாஃபர் இழைகளை வெட்டியதும் நின்றுபோன வலிப்பு திரும்ப வந்தது. 4-அமினோபிரிடின் போடுவதென்றால் 50-100 மைக்ரோமோலார். ஆனால் அது வேறொரு மாதிரி. அது பொட்டாசியம் சேனல்களை அடைக்கும், காபா என்ற வேதிப்பொருள் வழியான நரம்புத் தடுப்பு அப்படியே வேலை செய்யும். மெக்னீசியத்தை நீக்குவது முக்கியமாக, அது அடைத்துவைத்திருந்த என்எம்டிஏ ஏற்பிகளை (நரம்பணுவைத் தூண்டுபவை) திறந்துவிடும். இரண்டையும் கலந்துவிட்டால் பின்னர் வலிப்பு மருந்தைச் சோதிக்கும்போது எதன் விளைவு என்று பிரிக்க முடியாது.

கார்போஜென்:
மருந்து சோதிப்பதானால் நேரத்தைக் கவனியுங்கள். மெக்னீசியம் இல்லாத கரைசலில் நீண்ட நேரம் விட்டால், தனித்தனி வலிப்புகள் போய் இடைவிடாத துடிப்புகளாக மாறும். அந்தக் கட்டத்தில் ஃபெனிடோயின், கார்பமாசெபின், வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்துகள் எதுவும் சரியாக வேலை செய்யாது. மருந்து இல்லாத கட்டுப்பாட்டுத் துண்டையும் அதே நேரம்வரை ஓடவிடாமல் 'மருந்து தோற்றது' என்று எழுதக்கூடாது. பதிவை டிசி-யில், அதாவது மெதுவான மின்னழுத்த மாற்றமும் தெரியும்படி எடுங்கள். மெதுவான மாற்றத்தை நீக்கிவிடும் ஏசி வடிகட்டியில் பரவும் மின்தளர்வு (நரம்பணுக்களைச் சிறிது நேரம் செயலிழக்கச் செய்யும் அலை) தெரியாமல், திடீர் மௌனத்தை மருந்தின் வெற்றி என்று நினைக்க நேரும்.