டாங்கி எதிர்ப்பு ஊர்திப் பீரங்கியும் வேட்டை டாங்கியும்: கலைச்சொல் விவாதம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படை கையாண்ட, பிறிதொரு வண்டி இழுக்காமல் தாமே நகர்ந்து சென்று எதிரி டாங்கிகளைச் சுட்ட பீரங்கிகளுக்கு இவ்விழையில் மூன்று பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன: பீரங்கி எதிர்ப்பு வண்டி, தானியங்கி டாங்கி எதிர்ப்புப் பீரங்கி, டாங்கி அழிப்பான். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. இவை அனைத்தையும் ஒரே சொல்லால் குறித்துவிடலாம் என்ற அடிப்படை எண்ணத்திலேயே எனக்கு ஐயம் உண்டு. ஜெர்மானியரிடம் இதற்குப் பான்சர்யேகர், யாக்ட்பான்சர் என்று இரண்டு சொற்கள் இருந்தன. அவை இருவேறு அமைப்புகளைக் குறித்தன.

எளிதில் தள்ளக்கூடியவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன். நம் நாளிதழ்கள் ஆவடியில் உருவாகும் அர்ஜுனையும் பீரங்கி என்கின்றன, போஃபர்ஸையும் பீரங்கி என்கின்றன. செய்தி வாசிப்பவருக்கு அதனால் பெரிய இழப்பில்லை. ஆனால் ஒன்றை வீழ்த்த மற்றொன்று எவ்வாறு உருவானது என்று எழுத வேண்டிய இடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் எழுதுபவர் இரண்டாவது வரியிலேயே திணறிப்போவார். ஆகவே கவச வண்டியை டாங்கி என்றும், சுடும் கருவியைப் பீரங்கி என்றும் பிரித்து வழங்குவதை இவ்விழையின் முதல் முடிவாகக் கொள்வோம். 'தானியங்கி' என்பதும் பொருந்தாது. தானியங்கிக் கதவு, தானியங்கிப் பணப்பொறி என்று பழகிய வாசகர், தானியங்கிப் பீரங்கி என்றால் தானே குண்டு ஏற்றிக்கொண்டு சுடுவது என்றே எண்ணுவார். இந்த ஜெர்மானியப் பீரங்கிகளிலோ ஒவ்வொரு குண்டையும் ஆள்தான் கையால் ஏற்ற வேண்டும், 128 மி.மீ. பீரங்கி கொண்ட யாக்ட்டிகரில் ஏற்றுவதற்கென்றே இருவர் அமர்த்தப்பட்டனர். 'அழிப்பான்' பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் இருப்பது என்ற கேலியை ஒதுக்கிவிட்டாலும், அது அமெரிக்க வழக்கின் நேர் பெயர்ப்பு. அமெரிக்கர்கள் இதற்கெனத் தனிப் படைப்பிரிவு அமைத்து, நாற்புறமும் திரும்பும் சுழல்கூண்டுடன் (பீரங்கியைத் தாங்கி வண்டியின் மேல் சுழலும் கவச அறை) எம்10, எம்18 போன்ற வண்டிகளைக் கொடுத்தார்கள். ஜெர்மானிய வண்டிகளின் முதன்மையான அடையாளமே சுழல்கூண்டு இல்லாமைதான்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன், ஏனெனில் சொல் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும். 1940இல் பிரான்சின் மீது படையெடுத்தபோது களமிறங்கிய முதல் வண்டி பான்சர்யேகர் 1. இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளை மட்டுமே சுமந்த, அப்போதே காலாவதியாகிவிட்ட முதல் வகை டாங்கியின் சுழல்கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, செக்கோஸ்லோவாக்கியாவில் கிடைத்த 47 மி.மீ. பீரங்கியை அதன் மேல் பொருத்தி, முன்னும் பக்கங்களிலும் ஒரு தகட்டு மறைப்பை மட்டும் வைத்தார்கள். மேற்புறமும் பின்புறமும் திறந்தே கிடந்தன. மொத்தம் 202 வண்டிகள் இவ்வாறு மாற்றப்பட்டன. இதைக் கட்டியவர்கள் ஒரு டாங்கியைக் கட்டுவதாக நினைக்கவில்லை. ஒரு பீரங்கிக்குக் கால் கொடுப்பதாகவே நினைத்தார்கள். அவர்கள் வழங்கிய 'செல்ப்ஸ்ட்ஃபார்லஃபெட்ட' என்ற சொல்லும், தானே செல்லும் பீரங்கித் தாங்குசட்டம் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

1941 ஜூனில் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்த பிறகு, இந்தப் பழைய ஏற்பாடு அவசரத் தேவையாக மாறியது. சோவியத் படையின் டி-34, கேவி டாங்கிகளின் முன் ஜெர்மானியரின் 37 மி.மீ. பீரங்கி பயனற்றுப்போனது, 'கதவு தட்டும் கருவி' என்று அதைச் சுட்டவர்களே கேலி பேசினார்கள். அதன் எடை சுமார் 330 கிலோ. நான்கைந்து பேர் சேர்ந்து தள்ளினால் வயலிலும் நகரும். டி-34இன் கவசத்தைத் துளைக்கவல்ல 75 மி.மீ. பாக் 40 பீரங்கியோ ஏறத்தாழ 1,425 கிலோ. ரஷ்யச் சேற்றில் அது புதைந்தால், இழுவண்டி வரும்வரை அசைக்க முடியாது. பின்வாங்க நேர்ந்தால் பீரங்கியை விட்டுவிட்டு ஓடுவதைத் தவிர வழியில்லை. துளைக்கும் ஆற்றல் கூடக்கூட எடையும் கூடியது. எடை கூடியதும் பீரங்கி தானே நகர வேண்டிய கட்டாயம் வந்தது. இந்தக் காரண காரியத் தொடர்ச்சிதான் என் பரிந்துரைக்கு அடிப்படை.

அவசரத்துக்குக் கையில் அகப்பட்டதையெல்லாம் ஒட்டுப்போட்டார்கள். மார்டர் என்ற பெயரில் வந்த மூன்று வரிசைகளையும் பாருங்கள்: ஒன்றுக்குப் பிரெஞ்சு லோரேன் இழுவண்டியின் அடிச்சட்டம், மற்றொன்றுக்குத் தங்களுடைய பழைய இரண்டாம் வகை டாங்கியின் அடிச்சட்டம், மூன்றாவதற்குச் செக் நாட்டு 38(டி) டாங்கியின் அடிச்சட்டம். பாக் 40 போதிய எண்ணிக்கையில் கிடைக்காதபோது, சோவியத் படையிடமிருந்து கைப்பற்றிய 76.2 மி.மீ. களப் பீரங்கிகளின் வெடியறையை ஜெர்மானியக் குண்டுக்கேற்பக் குடைந்து பெரிதாக்கி ஏற்றினார்கள். செக் வண்டியின் மேல் ரஷ்யப் பீரங்கி, அதை இயக்க ஜெர்மானியர். தகடுகள் துப்பாக்கிக் குண்டையும் சிதறல்களையும் தடுக்கும் அளவுக்கே தடித்தவை. மழையும் பனியும் நேரே தலையில் விழும். அண்மையில் ஓர் எறிகணை வெடித்தால் உள்ளிருப்பவர்களுக்குக் காப்பு இல்லை. இதை டாங்கி என்ற பெயரால் அழைத்து, டாங்கியைப் போல முன்னேறித் தாக்கப் பயன்படுத்திய தளபதிகள் வண்டிகளையும் ஆட்களையும் இழந்தார்கள். 88 மி.மீ. நெடுங்குழல் பீரங்கியைத் தாங்கிய நாஸ்ஹார்னும் இதே இனந்தான். சுடும் தொலைவு பெரிது, மறைப்பு அதே மெல்லிய தகடு.

இவ்வினத்துக்கு 'டாங்கி எதிர்ப்பு ஊர்திப் பீரங்கி' என்ற பெயரை முன்மொழிகிறேன். இழுத்துச் செல்லப்படுவது இழுவைப் பீரங்கி, ஊர்தியோடு ஒன்றாகிவிட்டது ஊர்திப் பீரங்கி. இந்த இணை அமைந்துவிட்டால் 'தன்னியக்க', 'சுயமாக நகரும்' போன்ற முட்டுக்கட்டைகள் தேவைப்படா. பெயரின் தலைச்சொல் பீரங்கியாக இருப்பதும் சரி, ஏனெனில் பொருளின் தலையும் அதுவே.

யாக்ட்பான்சர் என்பது வேறு. 1943 முடிவிலிருந்து வந்த இவ்வண்டிகளில் உடலும் பீரங்கி அறையும் நாற்புறமும் மேலும் மூடப்பட்ட ஒரே கவசப் பெட்டி. முன்தகடு தடித்துச் சாய்ந்திருக்கும். பீரங்கி அத்தகட்டின் வழியே வெளியே நீளும். யாக்ட்பான்சர் 4, பான்தர் டாங்கியின் அடிச்சட்டத்தில் எழுந்த யாக்ட்பான்தர், யாக்ட்டிகர் எல்லாம் இவ்வகை. பின்னாளில் ஹெட்சர் என்று பரவலாக அறியப்பட்ட யாக்ட்பான்சர் 38(டி) இவற்றுள் மிகச் சிறியது, எண்ணிக்கையில் மிகுந்தது. 1943 நவம்பரில் பெர்லினில் இருந்த ஆல்கெட் ஆலை குண்டுவீச்சில் சேதமுற்று, அங்கு உருவான ஸ்டூர்ம்கெஷூட்ஸ் 3 என்ற சுழல்கூண்டில்லாக் கவசப் பீரங்கி வண்டியின் உற்பத்தி முடங்கியது. பிராகாவில் இருந்த பிஎம்எம் ஆலையிடம் அந்த வேலையைக் கொடுக்கலாமா என்று பார்த்தபோது, 24 டன் வண்டியைத் தூக்கும் பாரந்தூக்கிகளே அங்கில்லை என்று தெரிந்தது. அதனால் அந்த ஆலைக்கு அடங்கும் அளவில் 16 டன்னுக்கு ஒரு புதிய வண்டி வரையப்பட்டு, 1944 ஏப்ரலில் உற்பத்தியும் தொடங்கியது. 60 மி.மீ. முன்தகட்டை நன்றாகச் சாய்த்ததில் முகப்பு வலுப்பெற்றது. பக்கத் தகடோ 20 மி.மீ. மட்டுமே. உள்ளே நிலைமை இன்னும் நெருக்கடி. வலப்பக்கத்திலிருந்து குண்டு ஏற்றுமாறு செய்யப்பட்ட பீரங்கியை வண்டியின் வலப்புறமாக நெருக்கி வைத்துவிட்டு, ஏற்றுபவரை இடப்பக்கம் உட்கார்த்தினார்கள்; அவர் பீரங்கியின் மேலாகக் கையை நீட்டித்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஓட்டுநர், குறிபார்ப்பவர், ஏற்றுபவர் மூவரும் இடப்புறம் ஒருவர் பின் ஒருவராக இருக்க, தலைவர் மட்டும் வலப்புறப் பின்மூலையில் தனியே. பீரங்கி இடப்பக்கம் 5 பாகையும் வலப்பக்கம் 11 பாகையும் மட்டுமே திரும்பும். அதற்கு மேல் குறி விலகினால் வண்டியையே திருப்ப வேண்டும்.

பதுங்கிக் காத்திருந்து முதல் குண்டில் முடிக்க வேண்டிய இவ்வண்டிக்கு 'வேட்டை டாங்கி' என்பது பொருந்தும். முன்னதில் தலைச்சொல் பீரங்கி, இதில் டாங்கி. மூலமொழியில் யேகர் என்பது வேட்டையாளரையும் யாக்ட் என்பது வேட்டையையும் பான்சர் என்பது கவச வண்டியையும் குறிக்க, சொற்கள் இடம் மாறுவதால் பொருளும் மாறுகிறது. தமிழிலும் அவ்வேறுபாடு நிற்க வேண்டும்.

படைப்பிரிவின் பெயரைப் பற்றி ஒரு வரி. 1940க்கு முன் டாங்கி எதிர்ப்புப் பிரிவுகள் என்று வழங்கியவை அவ்வாண்டு பான்சர்யேகர் பிரிவுகள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. இதற்கு 'டாங்கி வேட்டுவர்' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். செவிக்கு இனியது, ஆனால் வேட்டுவர் என்பது நம்மிடையே வாழும் ஒரு சமூகத்தின் பெயர் என்பதால், 'டாங்கி வேட்டைப் படை' என்பதே மேல்.

மறுமொழி:

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மடலின் பிரிப்பு முறையை ஏற்கிறேன். இரண்டு இடங்களில் மட்டும் தடை சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, ஊர்திப் பீரங்கி என்பது சரக்குந்தின் மேல் ஏற்றிய பீரங்கியையும் குறிக்குமே. போரின் தொடக்கத்தில் 88 மி.மீ. வான் எதிர்ப்புப் பீரங்கியை முன்னே சக்கரமும் பின்னே சங்கிலியும் கொண்ட 12 டன் அரைச்சங்கிலி வண்டியில் ஏற்றி ஜெர்மானியர் பயன்படுத்தியதும் இதில் அடங்கிவிடும். இரண்டாவது தடை சற்றுப் பெரிது. தாங்கள் பெயரளவில் குறிப்பிட்டுச் சென்ற ஸ்டூர்ம்கெஷூட்ஸ் 3ஐ எங்கே வைப்பது? சுழல்கூண்டு இல்லை, உடல் முழுதும் மூடிய கவசம், 1942 முதல் நெடுங்குழல் 75 மி.மீ. பீரங்கி, பெரும்பாலும் செய்த வேலை டாங்கிகளைச் சுடுவது. அமைப்பை வைத்துப் பார்த்தால் வேட்டை டாங்கி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் 1935இல் ஜெர்மானியப் படை அதிகாரி மான்ஸ்டைன் முன்மொழிந்தபோது அது காலாட்படைக்குத் துணையாக இயந்திரத் துப்பாக்கி அரண்களைத் தகர்க்கும் குறுங்குழல் பீரங்கி. அதை இயக்கியவர்கள் பீரங்கிப் படையினர். 1943இல் குடேரியான் கவசப்படைகளின் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்றபோது இவ்வண்டிகளையும் தம் ஆளுகையில் கேட்டார். பீரங்கிப் படையினர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஃபெர்டினாண்டின் கதை இன்னும் குழப்பமானது. போர்ஷே வடிவமைத்துத் தேர்வில் தோற்ற டிகர் டாங்கியின் அடிச்சட்டத்தில், 200 மி.மீ. முன்கவசத்துடன் 65 டன் எடைக்கு எழுந்த அந்த வண்டிக்கு ஸ்டூர்ம்கெஷூட்ஸ் என்றும் பான்சர்யேகர் என்றும் இரு பெயர்களும் ஆவணங்களில் உண்டு. அதை 1943 ஜூலையில் குர்ஸ்க் போரில் ஓட்டிச் சென்ற 653ஆம் பிரிவு, அதற்கு முன் ஸ்டூர்ம்கெஷூட்ஸ் பிரிவாக இருந்ததே. மூடிய கவச அறை கொண்டும் அதை யாக்ட்பான்சர் என்று அவர்கள் அழைக்கவில்லை. அமைப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இது எந்தப் பெட்டியில் அடங்கும்?

மறுமொழிக்கு மறுமொழி:

ஐயா,

சரக்குந்தில் ஏற்றிய பீரங்கியும் அடங்கட்டும். ஜெர்மானியரும் அவ்வண்டியைச் செல்ப்ஸ்ட்ஃபார்லஃபெட்ட என்றே அழைத்தனர். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'சங்கிலி ஊர்தி', 'சக்கர ஊர்தி' என்று முன்னே சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்டூர்ம்கெஷூட்ஸைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது முற்றிலும் சரி, அதனாலேயே அதற்கு மூன்றாவது சொல் வேண்டும் என்கிறேன்: 'தாக்குதல் பீரங்கி'. அதன் வேலை மாறியபோதும் ஜெர்மானியர் பெயரை மாற்றவில்லை, நாமும் மாற்றலாகாது. கலைச்சொல் பட்டியலில் இம்மூன்று சொற்களும், ஒரு வண்டியை அதை உருவாக்கிய படை எப்படி அழைத்ததோ அதற்கு நிகராகவே வர வேண்டும். அமைப்பு, சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நமக்கு உதவியது. எந்த வண்டி எந்தச் சொல்லின் கீழ் வரும் என்பதை ஆவணம் முடிவு செய்யட்டும். ஃபெர்டினாண்டை டாங்கி எதிர்ப்பு ஊர்திப் பீரங்கி என்ற தலைப்பில் இட்டு, தாக்குதல் பீரங்கி என்றும் அழைக்கப்பட்டது என்று விளக்கத்தில் சேர்த்தால் போதும். தற்காப்புக்கு ஓர் இயந்திரத் துப்பாக்கிகூட இல்லாமல் குர்ஸ்கில் களமிறங்கி, சோவியத் காலாட்படை நெருங்கி வந்தபோது திண்டாடிய வண்டியைத் தாக்குதலுக்கு உரியது என்று முதன்மைத் தலைப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பின்னர் துப்பாக்கி பொருத்தப்பட்டு எலஃபான்ட் என்று பெயர் மாறியதையும் அதே குறிப்பில் சொல்லிவிடலாம்.

மார்டர், நாஸ்ஹார்ன், எலஃபான்ட் என்னும் விலங்குப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அவை இடுபெயர்கள், காண்டாமிருகம் என்று எழுதினால் தேடுபவருக்குக் கிடைக்காது. யாக்ட்பான்தர், யாக்ட்டிகர் இரண்டிலும் யாக்ட் என்பது வகையைச் சொல்வதால் 'வேட்டை பான்தர்' என்று பாதி பெயர்க்கும் ஆசை எழும். அதையும் தவிர்த்து, பெயரை அப்படியே வைத்து 'யாக்ட்பான்தர் வேட்டை டாங்கி' என்று எழுதுவோம். மேற்கு ஜெர்மனி 1960களில் 90 மி.மீ. பீரங்கியுடன் உருவாக்கிய கனோனென்யாக்ட்பான்சருக்கும் இந்த முறையே செல்லும்.

மறுப்பு இல்லையெனில் இழுவைப் பீரங்கி, ஊர்திப் பீரங்கி, டாங்கி எதிர்ப்பு ஊர்திப் பீரங்கி, வேட்டை டாங்கி, தாக்குதல் பீரங்கி, டாங்கி வேட்டைப் படை ஆகிய ஆறையும் பட்டியலில் ஏற்றிவிடலாம். சுழல்கூண்டுக்குச் 'சுழல்மாடம்' என்று முன்பே ஒரு பரிந்துரை இருப்பதால், அதைத் தனி இழையில் பேசுவோம்.