ஓடிபி வரும் போன் யாருடையது?

முதியோருக்கான செயலியையும் பொருளையும் வடிவமைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? இந்த வேலையில் இருக்கும் நால்வர் சொல்கிறார்கள்.

கள ஆய்வாளர்:
முதியோருக்கான செயலி என்றதும் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். பல வீடுகளில் ஆள் தடுமாறுவது ஓடிபியில். பதிவான எண் மகனுடையது, மகன் வேலைக்குப் போயிருக்கிறார். கூப்பிட்டு ஓடிபியைக் கேட்டு வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். சொந்த போனாகவே இருந்தாலும், எஸ்எம்எஸ் பார்த்துவிட்டுத் திரும்பினால் நிரப்பிய படிவம் காலி. (ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எச்சரித்துக்கொண்டே, சொல்லாமல் முடியாதபடி செய்து வைத்திருக்கிறோம்!)

இதைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. "எளிதா இருக்காம்மா?" என்றால் "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்பார்கள், வீடு தேடி வந்தவரிடம் யார் குறை சொல்வார்கள்? "போன தடவை எப்படிப் பண்ணீங்க, காட்டுங்கம்மா" என்று அவர் போனிலேயே செய்யச் சொல்லுங்கள். திணறினால் உடனே உதவாமல் மனசுக்குள் 10 வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விஷயம் வெளியே வரும். ஒரு சுற்றுக்கு 5 பேர், திருத்தம், மறுபடி 5 பேர். ஒரே மூச்சில் 20 பேரைப் பார்ப்பதைவிட இது பயன் தரும்.

பேக்கேஜிங் வடிவமைப்பாளர்:
அமெரிக்க வடிவமைப்பாளர் பேட்ரீசியா மூர் 1979 முதல் 1982 வரை மூதாட்டி வேடத்தில் ஊர் ஊராகச் சுற்றினார். அப்போது அவருக்கு இருபதுகளின் பிற்பகுதி. பார்வையை மங்கவைத்து, காதை அடைத்து, மூட்டுகள் மடங்காமல் கட்டிக்கொண்டார். நம் அளவில், இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு மாத்திரை அட்டையைப் பிரித்துப் பார்க்கலாம். பிடிமானப் பிழைகள் சட்டென்று தெரியும். ஆனால் அதை வைத்து "மூட்டுவலிக்காரர் படும் பாடு புரிந்துவிட்டது" என்று அறிக்கை எழுதக் கூடாது. அவர் பல வருஷமாகப் பல்லால் கடித்தோ கத்தரியால் வெட்டியோ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருப்பார். அதைப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

செயலித் திரைக்குத் தமிழ் எழுதுபவர்:
ஒரு சின்னச் சேர்க்கை. ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் தமிழைப் போட்டால் கடைசி எழுத்து வெட்டுப்படும். வரி இடைவெளி போதாவிட்டால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் இடித்துக்கொள்ளும். 'சமர்ப்பி'யைவிட 'அனுப்பு' யாருக்கும் புரியும்.

குழுத் தலைவி:
கள ஆய்வுக்கு நிரல் எழுதுபவரையும் அழைத்துப் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்க என்று இருவர் போதும். மூன்றாவது ஆள் நுழைந்தால் அந்த வீட்டம்மாவுக்குப் பரீட்சை எழுதுவது போலாகிவிடும். திரும்பி வந்ததும் ஐந்து நிமிஷம் எல்லோரும் பேசாமல் எழுதட்டும். அப்புறம் இளையவர் முதலில் பேச வேண்டும், தலைவர் கடைசியில். தலைவர் முந்திக்கொண்டால் மற்றவர்கள் பார்த்ததெல்லாம் அவர் சொன்னதுக்கு ஏற்ப மாறிவிடும்.

ராத்திரியில் ஜூனியர் வடிவமைத்த செயலித் திரையைத் தானே திருத்தி வைத்துவிட்டு "பாவம், புதுசு" என்பதைப் பரிவு என்று சிலர் நினைக்கிறார்கள். காலையில் வந்து பார்க்கும் அந்தப் பையனுக்கு எது தப்பு என்றும் தெரியாது, ஏன் மாறியது என்றும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, ஆய்வில் அந்தப் பாட்டி விரல் வைத்துத் தயங்கிய இடத்தைக் காட்டினால் பத்து நிமிஷ வேலை.